இரண்டு உழவு மழை

"ஐம்பது கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது பெய்திருக்கிறது. இதில் வாரியத்தின் தவறு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லையே, அம்மா" என்றார் விசாரணை ஆணையத்தின் நீதிபதி.

சந்தனமாரிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாற்காலியில் வந்து உட்காரத்தான் பத்து மாதம் அலைந்தாள். உட்கார்ந்தால் இதுதான் கேள்வி.

"ஐம்பது எதுங்கய்யா?" என்றாள்.

"என்ன கேட்கிறீர்கள்?"

"ஐம்பது ஆடா, மாடா, மூட்டையா? மொட்டையா ஐம்பதுன்னா என்னத்தைன்னு எடுத்துக்கிறது? நாங்க கேட்டது ரெண்டு உழவு மழை. மனு உங்க மேசையிலதான் கெடக்கு. எம் புருசன் எழுதுனது. அதுல ஐம்பதுங்கிற பேச்சே கெடையாது. எவன் கொண்டாந்து போட்டான் அந்த ஐம்பதை?"

அரங்கில் யாரோ செருமினார்கள். வாரியத்தின் வக்கீல் எழுந்து, சாட்சி உணர்ச்சிவசப்படுகிறார் என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டார். பதிவு செய்தார்கள். அந்த வளாகத்தில் வேறு எது விட்டுப்போனாலும் ஏழைபாழைகளின் உணர்ச்சிவசம் மட்டும் தவறாமல் பதிவாகிவிடும்.

சேதுநாடு மாவட்டத்தில் வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட காலம் போய், மழை வாரியத்துக்கு மனுப் போடுகிற காலம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கடலுக்கு மேலே திரிகிற மேகங்களைச் சின்னச் சின்னப் பறக்கும் இயந்திரங்கள் கூட்டமாகச் சேர்ந்து மடக்கி, சொன்ன ஊருக்கு ஓட்டிவந்து, சொன்ன அளவுக்கு இறக்கிவிடும். வாரியம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றை வைத்திருந்தது. ஜனங்கள் மேய்ப்பான் என்றார்கள். கடைசியில் வாரியமும் அப்படியே எழுத ஆரம்பித்தது. விதைப்புக்கு ஒரு மழை, களையெடுத்ததும் ஒரு மழை, கதிர் பிடிக்கும்போது ஒரு மழை. காய்ந்து கிடந்த சீமைக்கு அது வரம்தான். இதைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கணும் என்று சந்தனமாரியே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

மனுவில் சென்டிமீட்டர் எல்லாம் போட வேண்டியதில்லை. 'உழவர் மொழியில் மழை' என்று மேடை போட்டு, மாலை போட்டு அறிவித்த திட்டம் ஒன்று இருந்தது. ஊர் எப்படிப் பேசுமோ அப்படியே எழுதலாம். ஒரு உழவு மழை என்றால் ஏர் ஓட்டத் தோதாக மண் நனைகிற மழை. வாரியத்தின் பட்டியல் ஒரு உழவுக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்திருந்தது. கூத்தனேந்தல் பாசன சங்கத்தின் செயலாளர் பூமிநாதன், சந்தனமாரியின் கணவன், போன புரட்டாசியில் விதைப்புக்கு இரண்டு உழவு மழை கேட்டு மனு எழுதினான். ஐந்து சென்டிமீட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கேட்கவில்லை.

பெய்தது ஐம்பது சென்டிமீட்டர். வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல், ஒரே பகலில். காலை பத்து மணிக்குப் பிடித்த மழை. மூன்று மணிக்குக் கண்மாய் நிரம்பி, ஐந்து மணிக்குக் கரை உடைந்தது. ஊரில் பதினான்கு பேர் போனார்கள். பதினான்காவது ஆள் பூமிநாதன். மடையைத் திறந்து அடைக்கிற நீர்பாய்ச்சி வேலையும் அவனுடையதுதான். இரண்டு மடைகளின் பலகையைத் தூக்கிவிட்டு, துருவேறிப்போன மூன்றாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கரை அவனையும் சேர்த்துக்கொண்டு போனது. அந்த மூன்றாவது பலகையை மாற்றித் தரச்சொல்லி அவன் எழுதிய கடிதங்கள் மட்டும் நான்கு.

பத்தே நாளில் வாரியம் அறிக்கை விட்டது. நீர்பாய்ச்சி மூன்றாவது மடையை உரிய நேரத்தில் திறக்காததே கரை உடைந்ததற்குக் காரணம் என்றது. செத்தவன் வந்து மறுத்துப் பேசமாட்டான் என்கிற தைரியம்!

ஊர் அதை நம்பியது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும். மேய்ப்பான் மேல் கோபப்பட்டால் அடுத்த மழைக்கு எங்கே போவது? பூமிநாதன் மேல் கோபப்படுவதற்குச் செலவே இல்லை. பக்கத்து வீட்டுச் சோலையம்மாவின் பெண் ஏழாவது படித்துக்கொண்டிருந்தவள். அவளும் அந்தப் பதினான்கில் ஒருத்தி. சோலையம்மாவும் சந்தனமாரியும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது. அறிக்கை வந்த அன்றைக்கு அவள் வாசலில் வந்து நின்று, "உம் புருசன் எங்கே போய்த் தூங்குனான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கப்புறம் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடியில் சந்தனமாரி குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொண்டன.

புருஷன் போனதைக் கூட அவள் விழுங்கிக்கொண்டாள். அவன் பெயர் இப்படிச் சாவதை அவளால் விழுங்க முடியவில்லை.

விசாரணையை இரண்டு வாரத்துக்கு ஒத்திவைத்தார்கள். சந்தனமாரி பஸ் ஏறவில்லை. அதே வளாகத்தின் பின்பக்கத்தில் இருந்த மாவட்ட மழைப் பிரிவுக்குள் நேராக நுழைந்து, "போன புரட்டாசியில கூத்தனேந்தல் மனுவை மேலே அனுப்புனது யாரு?" என்று சத்தமாகக் கேட்டாள். நான்கு தலைகள் நிமிர்ந்தன. அதில் மூன்று தலைகள் நான்காவதைப் பார்த்தன.

நான்காவது தலைக்குச் சொந்தக்காரன் பெயர் சேசுராஜ். முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் எதுவும் மறுக்காமல் எழுந்து, "கேன்டீனுக்கு வாங்கக்கா" என்றான். கடன்காரனுக்குப் பயந்தவன் போல் இல்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல் இருந்தான்.

"நான் புதுசா எதுவும் பண்ணலைக்கா. ஏழு வருசமா பண்ணுனதைத்தான் பண்ணேன்."

"என்ன பண்ணே?"

"ஒரு சைபர் போட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னான். "உங்க மனு முதல்ல தாலுகாவுக்கு வரும். அவங்க உழவை சென்டிமீட்டரா மாத்தி, அஞ்சுன்னு எழுதி எனக்கு அனுப்புவாங்க. மேய்ப்பானுக்கு மில்லிமீட்டர்லதான் சொல்லணும். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர். அதனால நான் ஒரு சைபர் சேர்த்து ஐம்பதுன்னு போடுவேன். ரெண்டும் ஒரே மழைதான். ஏழு வருசமா இதுதான் என் வேலை. போன ஆவணியில படிவத்தை மாத்திட்டாங்க. இனிமே மேய்ப்பானே சென்டிமீட்டரா எடுத்துக்கிடும்னு. எனக்குத் தெரியலை. நான் வழக்கம்போல சைபர் போட்டேன். அது ஐம்பது சென்டிமீட்டர்னு எடுத்துக்கிடுச்சு."

"எதுக்கு மாத்துனாய்ங்க?"

"மந்திரி ஒரு கூட்டத்துல கேட்டாராம். டிவியில, பேப்பர்ல எல்லாம் அஞ்சு சென்டிமீட்டர், ஆறு சென்டிமீட்டர்னு சொல்றான், நீங்க என்னய்யா எதை எடுத்தாலும் ஐம்பது, அறுபதுன்னு பயமுறுத்துறீங்கன்னு. மறுநாளே மாத்திட்டாங்க."

"உனக்குச் சொல்லலையா?"

"சுற்றறிக்கை வந்துச்சு. நூத்தி நாப்பது பக்கம். தொண்ணூத்திரெண்டாம் பக்கத்துல அடியில ஒரு வரி. படிவத்துல எந்த மாத்தமும் தெரியாது. 'அளவு'ன்னு போட்டு ஒரு கட்டம் இருக்கும், அவ்வளவுதான். புது முறையில இந்த மாவட்டத்துலயிருந்து போன முதல் மனு உங்க ஊருது."

"அந்த எந்திரத்துக்கு அறிவு கெடையாதா? இந்தச் சின்ன ஊருக்கு ஐம்பதான்னு ஒரு வார்த்தை கேக்காதா?"

"கேட்டுச்சு. 'அளவு ஐம்பது. உறுதியா?'ன்னு கேட்டுச்சு. அது எதுக்குத்தான் கேக்கலை? ஊர்ப் பேரு அடிச்சாலும் உறுதியாங்கும், தேதி போட்டாலும் உறுதியாங்கும். ஒரு நாளைக்கு நானூறு தடவை 'ஆம்' அமுக்குறேன். எனக்கு மேலே மூணு அதிகாரிங்க பார்த்து அனுப்புனாங்க. அவங்களுக்கும் ஐம்பதுங்கிறது வருசக்கணக்கா பார்த்துப் பழகுன எண்ணு. அஞ்சுன்னு இருந்திருந்தாத்தான் என்னடா இதுன்னு கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க."

சந்தனமாரிக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நூற்று நாற்பது பக்கத்தை எழுதியவனை, படிக்காதவனை, படித்துவிட்டுச் சொல்லாதவனை, பயந்துபோன மந்திரியை, எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அறைய வேண்டும் போலிருந்தது. கைக்கு எட்டினவன் இவன் ஒருத்தன்தான்.

"பதினாலு பேருடா" என்றாள். குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது.

"தெரியும்க்கா. பேரோட தெரியும். மறுநாளே கண்டுபிடிச்சுட்டேன். எங்க சூப்பிரண்ட் கிட்ட போய்ச் சொன்னேன். நீயா போய்த் தலையைக் கொடுக்காதே, வேற காரணம் கிடைக்கும், பொறுன்னார்."

"கெடைச்சுச்சு. எம் புருசன் கெடைச்சான்." அவள் எழுந்தாள். "அடுத்த விசாரணைக்கு நீ வரணும். வந்து இதே வாயால சொல்லணும்."

"வேலை போயிடும்க்கா."

"எனக்கு ஆளே போயிட்டான்" என்றாள் அவள்.

அவன் வந்தான். இரண்டு வாரம் கழித்து, இஸ்திரி போட்ட சட்டையும் வெளிறிய முகமுமாக அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "நான் ஒரு சைபர் சேர்த்தேன். கூத்தனேந்தல் கேட்டது ஐந்து சென்டிமீட்டர். மனுவில் தவறில்லை. ஐம்பது சென்டிமீட்டர் மழையை எந்த மடையும் தாங்காது" என்று மனப்பாடம் செய்தவன் போல் ஒப்பித்துவிட்டு எழுந்தான். அன்று மாலையே அவனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். செய்தி ஊருக்குள் வந்த இரவு, சோலையம்மா ஒரு தூக்குவாளியில் குழம்போடு வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, பேச ஆரம்பித்து, முடியாமல் சந்தனமாரியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தனமாரியும் அழுதாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அது நிம்மதியான அழுகையாக இருந்தது.

அந்த நிம்மதிக்கு ஆயுள் பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் சேசுராஜ் பஸ் பிடித்து ஊருக்கே வந்துவிட்டான். செருப்பைக் கூடக் கழற்றாமல் கைபேசியை நீட்டினான். அரசிதழில் வந்திருந்த அறிவிப்பு அது.

"'உழவு என்னும் மழை அளவு இருபத்தைந்து சென்டிமீட்டரைக் குறிக்கும். இவ்விளக்கம் சென்ற ஆண்டு ஆவணி முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்படும்.' புரியுதாக்கா? ஒரு உழவு இருபத்தஞ்சு. ரெண்டு உழவு ஐம்பது. நான் போட்ட சைபர் சரின்னு ஆயிடுச்சு. யாரும் தப்பு பண்ணலை. நீங்க ஐம்பது கேட்டீங்க, அவங்க ஐம்பது கொடுத்தாங்க."

சந்தனமாரி கைபேசியை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தாள். பிறகு, "இருபத்தஞ்சு சென்டிமீட்டர் மழை பேஞ்ச வயல்ல எவன்டா ஏர் ஓட்டுவான்? தோணிதான் ஓட்டணும்" என்று கத்தினாள். "இவனுக தப்பை மறைக்க மண்ணு நனையிற கணக்கையே மாத்துவானுகளா? எங்க தலையிலதான் மிளகா அரைக்கிறானுகன்னா, மழை தலையிலயுமா?"

"அது மட்டும்னா நான் ஓடி வந்திருக்க மாட்டேன்" என்றான் சேசுராஜ். "என் சைபர் வெளியே வந்ததுக்கப்புறம் தாலுகாவுல யாரும் மாத்துறதில்லை, உழவை சென்டிமீட்டரா மேய்ப்பானே மாத்திக்கிடுது. அதுக்கு அரசிதழ்தான் வேதம். வந்த நிமிசமே அதுவா படிச்சு மாத்திக்கிடும். இந்த வருச விதைப்புக்கு ஆறு மாவட்டத்துலயிருந்து நூத்திப் பதினேழு மனு போயிருக்கு. எல்லாம் ஒரு உழவு, ரெண்டு உழவு. முதல் மழை வர்ற பத்தாம் தேதி."

"வாரியத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சொன்னா அரசிதழை எதிர்த்ததா ஆயிடும். அடுத்தவன் சொல்லட்டும்னு ஒவ்வொருத்தனும் உட்கார்ந்திருக்கான். மனுப் போட்ட ஊருங்க அவங்களாவே திருத்துனா உண்டு."

இருவரும் மூன்று நாள் உட்கார்ந்து நூற்றுப் பதினேழு ஊருக்கும் போன் போட்டார்கள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் சிரித்தார்கள். "ஏம்மா, ஒரு உழவுன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? நீ எந்த ஊரு?" என்று கேட்டார் ஒரு செயலாளர். கூத்தனேந்தல் என்றதும், "ஓ, மடையைத் திறக்காத ஊரா?" என்று வைத்துவிட்டார். திருத்தியது நான்கே ஊர். பாக்கி நூற்றுப் பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கண்மாய், ஒவ்வொன்றிலும் ஏழாவது படிக்கிற பிள்ளைகள்.

ஏழாம் தேதி காலையில் சந்தனமாரி சென்னையில் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்தாள். வாசலில் தடுத்தவர்களிடம் போட்ட சத்தத்தில், வாரியச் செயலாளர் வசுந்தராவே வெளியே வந்து அழைத்துப்போனார். ஐம்பது வயது அதிகாரி. கண்ணுக்குக் கீழே கருவளையம். சந்தனமாரி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது முழுக்க உண்மை" என்றார். "அந்த அறிவிப்பை நான் எழுதலை. எழுதாதீங்கன்னு குறிப்பு கூட வெச்சேன்."

"குறிப்பு வெச்சா மழை நிக்குமா மேடம்? நூத்திப் பதிமூணு ஊரு. கேன்சல் பண்ணுங்க."

"பண்ணலாம். ஆனா அந்த விளக்கம் எதுக்கு வந்துச்சுன்னு பாருங்க. ஐம்பது பெய்திருக்கு. கேட்டதும் ஐம்பதுன்னு எங்கேயாவது இருந்தாகணும். அந்த ஐம்பதைச் சுமக்க ஒரு ஆள் வேணும். ஆள் கிடைச்சா விளக்கம் தேவையில்லை. அன்னைக்கே ரத்து பண்ணிடுவாங்க. நான் மேலே பேசிட்டேன்."

"அதான் சேசுராஜ் வந்து சொன்னானே, நான்தான்னு."

"அவர் அரசு ஊழியர். அவர் பண்ணுனா அது அரசு பண்ணுன தப்பு."

சந்தனமாரிக்கு அவர் எங்கே வருகிறார் என்று புரிந்துவிட்டது.

"எம் புருசன் அரசு ஊழியன் இல்லை" என்றாள் மெதுவாக.

வசுந்தரா மேசை மேல் இருந்த ஒரு தாளைத் திருப்பி வைத்தார். தயாராகவே இருந்தது. பூமிநாதன் ஒரு உழவு என்பதை இருபத்தைந்து சென்டிமீட்டர் என்று தவறாகக் கருதி, தொலைபேசி வழியே ஐம்பது கேட்டு வற்புறுத்தினார்; இதை நான் நேரில் அறிவேன். இப்படிக்கு, மனைவி. "அவருக்கு இனிமே இதனால எதுவும் ஆகப்போறதில்லைம்மா" என்றார், கண்ணைப் பார்க்காமல்.

"ஆகும். நீங்க பொழைக்கிற ஊர்ல பேரு வேணாம் போல. எங்க ஊர்ல வேணும்." அவள் எழுந்து நின்றாள். "அவன் செத்தது அந்தத் துருப்பிடிச்ச பலகையோட மல்லுக்கட்டி. மேலே ஓடியிருந்தா பொழைச்சிருப்பான். அவன் மேல பழி போட்டுத்தான் நீங்க உங்க நாற்காலியைக் காப்பாத்தணுமா? உங்களுக்கெல்லாம் சோறு எறங்குதா?"

"இல்லை" என்றார் வசுந்தரா.

சந்தனமாரி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போகலாம். பத்தாம் தேதி மழை பெய்யும். நூற்றுப் பதின்மூன்று ஊரில் கண்மாய் உடையும். அப்போது உலகத்துக்கே தெரியும், பூமிநாதன் எழுதியது சரிதான் என்று. எவ்வளவு நல்ல சாட்சி! ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்தை நினைத்து உடனே அவளுக்கே அருவருப்பாக வந்தது. மூன்றாவது பலகையை விட்டு ஓடாதவனுக்கு அப்படி ஒரு சாட்சி தேவையில்லை.

"முதல்ல ரத்து. அது அரசிதழ்ல வந்து என் கண்ணால பார்த்தப்புறம்தான் கையெழுத்து" என்றாள்.

நான்கு மணி நேரம் ஆயிற்று. வந்தது. உழவு மறுபடி இரண்டரை சென்டிமீட்டர் ஆனது. சேசுராஜுக்குப் போன் போட்டு, அவனுடைய பழைய அலுவலகத்து ஆட்களை விட்டு, மேய்ப்பானில் மாறிவிட்டதா என்று இரண்டு தடவை பார்க்கச் சொன்னாள். மாறியிருந்தது. பிறகு தாளை இழுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இங்கே 'ஐம்பது கேட்டு'ன்னு மொட்டையா போட்டிருக்கு. பக்கத்துல சென்டிமீட்டர்னு எழுதுங்க."

"அது தேவையில்லைம்மா, புரியும்."

"எழுதுங்கங்கறேன். பதினாலு பேரைக் கொன்னீங்க, இந்தத் தடவையாவது எழுதித் தொலைங்க."

எழுதினார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் தேதி நூற்றுப் பதின்மூன்று ஊரிலும் மழை பெய்தது. சில ஊரில் இரண்டரை, சில ஊரில் ஐந்து. மண் நனைந்தது, விதைத்தார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

கையெழுத்தைப் பற்றி மட்டும் போட்டார்கள். சோலையம்மா வாசலில் வந்து நின்றாள். "நீயா போட்டே? எவனும் கையைப் பிடிச்சுப் போட வைக்கலையே?"

"நானாத்தான் போட்டேன் சோலை. உள்ள வா, சொல்றேன்."

அவள் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அரசிதழ், நூற்றுப் பதின்மூன்று ஊர், ரத்து, எல்லாம். கேட்டு முடித்துவிட்டு, "எந்த ஊர்ல வெள்ளம் வந்துச்சு, ஒண்ணைக் காட்டு" என்றாள். சந்தனமாரியால் காட்ட முடியவில்லை. "அந்த சைபர்க்காரனை வெச்சு என்னை அழ வெச்சேல்ல?" என்று சொல்லிவிட்டு சோலையம்மா போய்விட்டாள். இந்தத் தடவை அவள் திரும்பி வரமாட்டாள் என்று சந்தனமாரிக்குத் தெரிந்தது. குழாயடியில் குடங்கள் பழையபடி நகர்ந்தன.

சங்கத்துக்குச் செயலாளராக வர யாரும் முன்வரவில்லை. மனு எழுதி மாட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? கடைசியில், அவள் வீட்டுப் பாவத்தை அவளே சுமக்கட்டும் என்று ஊர் கூடி அந்தப் பொறுப்பைச் சந்தனமாரி தலையில் கட்டியது. தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். எண்ணும் அளவும் பிசகாமல் எழுதினாள். எழுதியதை மழைப் பிரிவுக்கே போய், அவர்கள் அமுக்குகிற வரை பக்கத்தில் நின்று, "என்ன போட்டே, படி" என்று கேட்டு உயிரை வாங்கினாள். அவளைக் கண்டால் அந்த அலுவலகத்தில் எல்லாரும் எரிச்சல்பட்டார்கள். ஆனால் படித்துக் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு ஆடியில், மனு எழுதுபவர்களுக்கு வாரியம் ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. கல்யாண மண்டபத்தில் முந்நூறு செயலாளர்கள். சென்னையிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருத்தி திரையில் படம் காட்டி, சிரித்த முகத்தோடு சொல்லிக்கொடுத்தாள். மேய்ப்பான் எப்படி மேகத்தை ஓட்டுகிறது, மனுவை எப்படி நிரப்புவது, எந்த மாதத்தில் எவ்வளவு கேட்கலாம் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. ஆறாவது படத்தில் கொட்டை எழுத்தில் இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன.

பூமிநாதன் பிழை.

"பாடப் புத்தகத்துலயே இப்போ இந்தப் பேர்தான்" என்றாள் அந்தப் பெண். "அளவைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எழுதுறதால எவ்வளவு பெரிய ஆபத்து வரும்ங்கிறதுக்கு இதைத்தான் எல்லா மாவட்டத்துலயும் உதாரணமாச் சொல்றோம். பூமிநாதன் பிழைன்னா என்னன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. மூன்றாவது வரிசையில் சந்தனமாரி எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும்."

"சொல்லுங்கம்மா."

"ரெண்டு உழவு மழை வேணும்னா, ரெண்டு உழவுன்னு எழுதுறது" என்றாள் சந்தனமாரி. "அதுதான் பூமிநாதன் பிழை."